காது மிஷின் போட்டால் காதில் ஏன் தண்ணீர் வடிகிறது? தோட்டப்புற வெக்கையில் தொற்றைத் தடுக்கும் வழிகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புறப் பட்டணங்களில், வாங்கிய காது கேட்கும் கருவியை ஏன் போடுவதில்லை என்று கேட்டால் அடிக்கடி வரும் பதில் இதுதான்: "போட்டா காது அரிக்குது, தண்ணி வடியுது." இதைச் சொல்பவர்கள் எழுபது வயதைத் தாண்டியவர்கள் மட்டுமல்ல. செம்பனை ஆலையில் கொதிகலனுக்கும் பிழியும் இயந்திரத்துக்கும் பக்கத்திலேயே வருஷக்கணக்காக நின்று காது மந்தமானவர்களும் இருக்கிறார்கள். இரைச்சலால் போன செவித்திறன் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சட்டத்தில் தொழில்சார்ந்த நோய். கருவிக்கும் அங்கே உதவி கேட்கலாம். அப்படி அலைந்து திரிந்து வாங்கிய கருவி அலமாரிக்குள் கிடப்பதற்கு, பெரும்பாலும் தடுக்கக்கூடிய ஒரு தொல்லைதான் காரணம்.

இதைப் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் ஊரில் உலவுகின்றன. சுத்தமாக இருந்தாலும் மிஷின் கிருமியைக் கொண்டுவருகிறது என்பது ஒன்று. மிஷின் சூடு, அந்தச் சூடு காதைப் புண்ணாக்குகிறது என்பது இன்னொன்று. இரண்டுமே சரியில்லை. கருவி முக்கியமாகச் செய்வது ஒரே காரியம்தான்: ஏற்கெனவே ஈரமாக இருக்கும் ஓர் இடத்தை மணிக்கணக்கில் மூடிவைக்கிறது. மற்றதில் பெரும்பகுதி அதன் விளைவு.

காதுக்குழாயின் இயல்பு

காது மடலிலிருந்து செவிப்பறை வரை போகும் குழாய், பெரியவர்களுக்குச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். நேராக இருக்காது, லேசாக வளைந்திருக்கும். வெளிப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கில் குருத்தெலும்பு, ரோமம், குறும்பி சுரக்கும் சுரப்பிகள் இருக்கின்றன. உள்பக்கத்து மூன்றில் இரண்டு பங்கில் எலும்பின்மேல் மிக மெல்லிய தோல் மட்டும். கொஞ்சம் சுரண்டினாலே அந்தத் தோல் கிழியும்.

நாம் காது அழுக்கு என்று சொல்லும் குறும்பி அழுக்கே அல்ல. அதில் எண்ணெய்ப்பசை இருப்பதால் தண்ணீர் தோலில் ஊறாது. லேசான அமிலத்தன்மை இருப்பதால் பாக்டீரியாவும் பூஞ்சையும் எளிதில் பெருகாது. குழாயின் தோல் உள்ளிருந்து வெளிநோக்கி மெதுவாக வளர்ந்து நகரும். மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைவது அதற்கு உதவும். பழைய குறும்பி அந்தத் தோலோடு தானாக வெளியே வந்து உதிரும். அதாவது ஆரோக்கியமான காதை நாம் சுத்தம் செய்யவே தேவையில்லை.

இந்தப் பாதுகாப்பு குலையும்போது வருவதுதான் வெளிக்காதுத் தொற்று. கருவி போடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் வருவது இந்த வகை. செவிப்பறைக்கு அப்பால் இருக்கும் நடுச்செவியில் வரும் தொற்று வேறு. அது சளி பிடிக்கும்போது மூக்கின் பின்புறமிருந்து நடுச்செவிக்குப் போகும் குழல் வழியாக வருவது. அதற்குக் கருவியைக் குற்றம் சொல்ல முடியாது.

கருவி வந்தபின் மாறுபவை

1. காற்று போகாது. காதின் அளவுக்குச் செய்த அச்சோ, கருவியின் நுனியில் மாட்டும் மெத்தென்ற சிலிக்கோன் டோமோ குழாயை அடைக்கும்போது உள்ளே இருக்கும் வியர்வையும் நீராவியும் வெளியேற வழியில்லை. தோல் ஊறி வெளுத்து மென்மையாகிறது.

2. குறும்பி வெளியே வராது. வழியில் கருவி நிற்பதால் அது உள்ளேயே தேங்குகிறது. கருவியைப் போடும்போதெல்லாம் இன்னும் உள்ளே தள்ளப்படுகிறது. தேங்கிய குறும்பிக்குப் பின்னால் தண்ணீர் போனால் அங்கேயே நின்றுவிடும்.

3. தோல் உரசும். அளவு சரியில்லாத அச்சு ஒரே இடத்தில் அழுத்தும். அழுத்திய இடத்தில் கீறல் விழும். கீறல் கிருமிக்கு வாசல்.

உள்ளே நுழைபவை பெரும்பாலும் சூடோமோனாஸ், ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாக்கள். வெப்பநாடுகளில் ஆஸ்பர்ஜில்லஸ், கேண்டிடா போன்ற பூஞ்சைகளும் அதிகம். பூஞ்சை பிடித்தால் வலியைவிட அரிப்புதான் முன்னுக்கு நிற்கும். கழற்றிய டோமின் ஓரத்தில் நனைந்த காகிதக் கூழ் மாதிரி சாம்பல் நிறப் படிவும், அதில் கரும்புள்ளிகளும் ஒட்டியிருந்தால் சந்தேகப்படலாம். கருவியைக் கழற்றியதும் நேரே பெட்டியில் போடாமல் வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்ப்பது அதற்காகத்தான்.

நம் ஊரில் தொல்லை ஏன் கூடுதல்

மலேசியாவில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே வருஷம் முழுக்க இருக்கிறது. குளிர்நாட்டுக் கையேட்டில் 'இரவு கருவியைத் திறந்து வையுங்கள், காய்ந்துவிடும்' என்று எழுதியிருப்பார்கள். மழை பெய்து ஓய்ந்த மாலையில், சாரல் ஊறிய சுவர் உள்ள தோட்டத்து வீட்டில் அது காயாது.

அப்புறம் வேலை. விடியுமுன் பால்மரம் வெட்டப் போகிறவர்கள், வெயிலில் செம்பனைக் குலை அறுக்கிறவர்கள், தலையில் துணி கட்டிக்கொண்டு புல்லுக்கு மருந்தடிக்கும் பெண்கள் என எல்லாருக்கும் காதைச் சுற்றி வியர்வைதான். வீடு திரும்ப மோட்டாரில் ஹெல்மெட். காதின் பின்னால் மாட்டும் கருவியை அது அழுத்தி, அச்சைக் குழாய்க்குள் இடித்துவிடும். ஹெல்மெட் போடுமுன் கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைப்பது காதுக்கும் நல்லது, கருவிக்கும் நல்லது. ஆனால் குலை அறுக்கும் இடத்தில் அதே அறிவுரையைச் சொல்லமாட்டேன். மேலிருந்து விழும் குலைக்கு யாராவது கத்தினால் கேட்க வேண்டும். அங்கே கருவி காதில் இருக்கட்டும். ஓய்வு நேரத்தில் கழற்றித் துடைத்துக்கொண்டால் போதும்.

ஆலைக்குள் விஷயம் தலைகீழ். கருவியை அணைத்துவிட்டு அப்படியே போட்டுக்கொண்டால் இரைச்சல் தடுக்கப்படும் என்று சிலர் நினைக்கிறார்கள். தடுக்கப்படாது. 2019-இல் வந்த இரைச்சல் விதிமுறைப்படி ஒரு தொழிலாளி நாளொன்றுக்குச் சராசரியாக 85 டெசிபெல்லுக்கு மேல் ஆளாகக்கூடாது. அந்த அளவுக்குக் குறைக்கும் காதுக்கவசம் தனி. அதைப் போடும்போது கருவி பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

மூன்றாவது, எண்ணெய். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வராது, தேவையும் இல்லை. ஆனால் காதுக்குள் எண்ணெய் விடுவதை நிறுத்தியே ஆக வேண்டும். பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை வலிக்கும் காதில் விடுவது பல வீடுகளில் இன்னும் நடக்கிறது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது நேரே நடுச்செவிக்குப் போகும். ஓட்டை இல்லாவிட்டாலும் உதிர்ந்த தோலோடும் தூசியோடும் கலந்து குழாயில் ஒட்டிக்கொள்ளும்; அதன்மேல் கருவியைச் சொருகினால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? சூடு சரியாகப் பார்க்காமல் ஊற்றித் தோல் வெந்துபோவதும் உண்டு.

எண்ணெய் தேய்க்கும் நாளில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கருவியைக் கழற்றிக் குளியலறைக்கு வெளியே வைப்பது, வாசலின் பூசிய பஞ்சுருண்டையைக் காது முகப்பில், உள்ளே தள்ளாமல், அடைத்துக்கொள்வது, சீயக்காயோ ஷாம்புவோ போட்டுத் தலை அலசியபின் பஞ்சை எடுத்துவிட்டுத் தலையைச் சாய்த்துத் தண்ணீரை வடியவிடுவது, மடலையும் காதின் பின்புறத்தையும் எண்ணெய் போகத் துடைப்பது, அரைமணி நேரம் கழித்துக் கருவி போடுவது. தினமும் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைப்பவர்களுக்குக் காதின் பின்னால் இருக்கும் கருவியின் ஒலிவாங்கித் துளையில் எண்ணெய் இறங்கும். முகப்பவுடரும் திருநீறும் அதில் ஒட்டி அடைக்கும். இவையெல்லாம் முடிந்த பிறகே கருவி.

அச்சும் டோமும்: வாங்கும்போதே கேட்க வேண்டியவை

காதுக்குள் முழுதாக ஒளிந்துகொள்ளும் சின்னக் கருவிதான் பலருக்குப் பிடிக்கும், வெளியே தெரியாது. ஆனால் அடிக்கடி காது வடிகிறவர்களுக்கு அது நல்ல தேர்வு இல்லை. மின்னணுப் பகுதி முழுதும் ஈரமான குழாய்க்குள்ளேயே இருக்கும், கழுவவும் முடியாது. பின்காதுக் கருவியில் அச்சைத் தனியே கழற்றிக் கழுவலாம். இதற்காகவே அழகை விட்டுக்கொடுக்கலாம் என்பது என் கருத்து.

அச்சில் காற்றுத்துளை வைக்க முடியுமா என்று செவியியல் நிபுணரிடம் கேட்க வேண்டும். துளை பெரிதானால் காதுக்குள் காற்றோட்டம் கூடும். ஆனால் அதே துளை வழியாக ஒலி கசிந்து கருவி 'கீ' என்று கத்தும் வாய்ப்பும் கூடும். அதனால் செவித்திறன் மிக மோசமாகக் குறைந்தவர்களுக்குப் பெரிய துளை வைக்க முடியாது. மிதமாகக் குறைந்தவர்களுக்குத் துளையுள்ள திறந்த டோமே போதும்.

காது ஏற்கெனவே நாள்பட்டு வடிகிறது, செவிப்பறையில் ஓட்டை என்றால் அச்சு வகையே ஒத்துவராமல் போகலாம். காதுக்குழாயை அடைக்காமல், மண்டையோட்டு எலும்பின் அதிர்வு வழியாக ஒலியைக் கடத்தும் கருவிகள் உண்டு. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அதைக் கேட்கலாம்.

கருவிப் பெட்டியில் 'ஐபி 68' என்று போட்டிருப்பதைக் காட்டிச் சிலர் வியர்வை பயமில்லை என்பார்கள். அந்த எண் கருவிக்குள் தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கானது. காதுக்குள் ஈரம் தேங்குவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

காதில் செய்யக்கூடாதவை

காட்டன் பட், ஊக்கு, கொண்டை ஊசி, தீக்குச்சி, மோட்டார் சாவி. இவற்றில் எது காதுக்குள் போனாலும் வெளியே வருவது கொஞ்சம் குறும்பி, உள்ளே தள்ளப்படுவது நிறைய. கூடவே ஒரு கீறல். பஞ்சு சுற்றியிருப்பதால் காட்டன் பட் பாதுகாப்பு என்ற நம்பிக்கைதான் அதை மற்றவற்றைவிட ஆபத்தாக்குகிறது. ஊக்கை எடுக்கத் தயங்குகிறவர்களும் தினமும் இதை எடுக்கிறார்கள். அரிப்பு வரும்போது குடைந்தால் சுகமாகத்தான் இருக்கும். குடையக் குடைய தோல் கிழியும், கிழிந்தது ஆறும்போது மறுபடி அரிக்கும்.

குறும்பி உண்மையிலேயே அடைத்துவிட்டால் அரசாங்க கிளினிக்குக்குப் போகலாம். குடிமக்களுக்கு அங்கே வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட். கருவி திடீரென்று கீச்சிட்டாலோ ஒலி மங்கினாலோ, மிஷின் கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடுமுன் காதை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். குறும்பி அடைப்பிலும் இப்படி ஆகும். கருவி போடுகிறவர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை காதைக் காட்டுவது நல்லது. வீட்டிலேயே ஊசிக்குழலால் தண்ணீர் பீய்ச்சுவது வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்களுக்கும் இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கும் அது கெடுதல்.

கருவிக்கு இரவில் செய்ய வேண்டியவை

காலையில் போடுமுன் சுத்தம் செய்வதைவிட இரவில் கழற்றியதும் செய்வதே மேல். குறும்பி காய்ந்து இறுகுவதற்குள் எளிதாக வந்துவிடும், காய்வதற்கும் ஒரு ராத்திரி முழுதும் கிடைக்கும்.

1. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்ளவும்.

2. உலர்ந்த மெல்லிய துணியால் கருவி, டோம் அல்லது அச்சு முழுதையும் துடைக்கவும். கூடவே தரும் சின்னத் தூரிகையால் ஒலி வரும் துளையைத் தேய்க்கவும். துளையைக் கீழ்நோக்கிப் பிடித்துத் தேய்த்தால்தான் குறும்பி உள்ளே விழாது.

3. கருவியிலிருந்து குழாயோடு பிரியக்கூடிய அச்சை வாரம் ஒருமுறையாவது, வியர்க்கும் வேலையானால் அடிக்கடி, வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்புக் கலந்து கழுவவும். குழாய்க்குள் நிற்கும் தண்ணீரை ரப்பர் ஊதுகுழலால் வெளியேற்றவும். சொட்டு ஈரம்கூட இல்லாமல் காய்ந்த பிறகே கருவியோடு மாட்டவும். மின்னணுப் பகுதியில் தண்ணீர் படவே கூடாது.

4. ஸ்பிரிட், பெட்ரோல், கிருமிநாசினித் திரவம் எதுவும் வேண்டாம். அச்சும் பூச்சும் கெடும். ஒட்டியிருக்கும் மிச்சம் தோலையும் எரிக்கும். ஆல்கஹால் இல்லாத, கருவிக்கென்றே விற்கும் துடைப்பான் போதும்.

5. பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, கருவியை மட்டும் சிலிக்கா ஜெல் மணிகள் உள்ள உலர்த்தும் டப்பாவில் போட்டு இறுக மூடவும். துத்தநாக-காற்று பேட்டரியை உள்ளே விட்டால் அது வற்றிப்போகும். மணிகள் நிறம் மாறியதும் புதிது மாற்றவோ, கையேட்டில் சொன்னபடி மறுபடி உலர்த்தவோ வேண்டும். நிறம் மாறிய மணிகளை மாதக்கணக்கில் வைத்திருப்பதும் வெறும் டப்பாவில் வைப்பதும் ஒன்றுதான். ரீசார்ஜ் செய்யும் கருவியானால் துடைத்துவிட்டுச் சார்ஜரில் வைக்கவும். சில சார்ஜர்களிலேயே உலர்த்தும் வசதி இருக்கிறது.

வெயிலில் வைப்பது, அரிசி டப்பாவில் புதைப்பது, முடி உலர்த்தியால் சூடுகாட்டுவது இவை மூன்றும் கருவியைக் கெடுக்கும். டோமையும் குறும்பித் தடுப்பானையும் நிபுணர் சொன்ன கால இடைவெளியில் மாற்ற வேண்டும். ஒரு காதில் தொற்று இருந்தால் நல்ல காதின் கருவியை முதலில் துடைத்து, கை கழுவி, பிறகு மற்றதைத் தொடவும். சிவப்புக் குறி வலது காது, நீலம் இடது காது. மாற்றிப் போட்டால் கிருமியும் மாறிப் போகும்.

ராத்திரி தூங்கும் நேரம் முழுதும் காது திறந்திருக்க வேண்டும். பகலிலும் வீட்டில் தனியாக இருக்கும் அரைமணி, ஒருமணி கழற்றி வைத்தால் குழாய் உலரும்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்குத் தனி எச்சரிக்கை

2023-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. இந்தியர்களிடையே இது மற்ற இனத்தவரைவிட அதிகம் என்பது பழைய சங்கதி. கருவி போடும் வயதும் இனிப்பு நீர் வரும் வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் இந்தப் பகுதி நம் வாசகர்களில் பலருக்கு நேரடியாகப் பொருந்தும்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்குச் சாதாரண வெளிக்காதுத் தொற்று சில நேரம் தோலோடு நிற்காமல் எலும்புக்குள் இறங்கும். பெரும்பாலும் சூடோமோனாஸ்தான் காரணம். காலில் வந்த புண்ணைப் பார்த்துப் பயப்படும் நாம், காதுக்குள் இருக்கும் புண்ணைக் கண்ணால் பார்ப்பதில்லை, அதனால் பயப்படுவதும் இல்லை. இதற்கு அடையாளங்கள் உண்டு: பார்வைக்குத் தெரியும் தொற்றைவிட வலி மிகக் கடுமையாக இருக்கும், ராத்திரியில் கூடும், தூக்கத்தைக் கெடுக்கும். சொட்டு மருந்து விட்டும் வாரக்கணக்கில் விடாது. முற்றினால் முகத்தின் ஒருபக்கம் இழுத்துக்கொள்ளும். இப்படி இருந்தால் கிளினிக்கில் இன்னொரு பாட்டில் சொட்டு மருந்து வாங்கி வந்து படுத்துவிடக்கூடாது. சுங்கை சிப்புட்டில் இருப்பவர் என்றால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். அங்கே காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. வாரக்கணக்கில் மருந்து ஏற்ற வேண்டிவரும் நோய் இது.

எல்லா அரிப்பும் தொற்று அல்ல

• புது அச்சு போட்ட சில நாளில், அச்சு படும் இடத்தில் மட்டும் சிவந்து அரித்து, நாற்றமோ சீழோ இல்லை என்றால் அச்சுப் பொருளின் ஒவ்வாமையாக இருக்கலாம். அக்ரிலிக் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. வேறு பொருளில் செய்யச் சொல்லலாம்.

• ஒரே புள்ளியில் வலி, கழற்றினால் குறைகிறது என்றால் அழுத்தப் புண். அச்சை நிபுணர் அந்த இடத்தில் தேய்த்துக் கொடுப்பார். 'போடப் போடப் பழகிவிடும்' என்று பொறுத்துக்கொள்ளக் கூடாது. செருப்பு கடிப்பதற்குச் சொல்லும் சமாதானம் காதுக்குச் செல்லாது.

• மடலை இழுத்தாலோ காது முகப்பில் இருக்கும் சின்ன மேட்டை அழுத்தினாலோ வலி சுரீர் என்றால் வெளிக்காதுத் தொற்றின் அடையாளம்.

• சீழ், நாற்றம், காய்ச்சல், மடல் வீக்கம், தலைசுற்றல், ரத்தம் இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். டோம் கழன்று காதுக்குள் மாட்டிக்கொண்டாலும் அப்படித்தான். இடுக்கியால் எடுக்க முயன்றால் இன்னும் ஆழம் போகும்.

தொற்று வந்துவிட்டால்

அந்தக் காதின் கருவியைக் கழற்றிவிட வேண்டும். இரண்டு காதிலும் போடுகிறவர் மறுகாதை வைத்துச் சமாளிக்கலாம். ஒரே கருவிதான் என்றால், திரும்ப எப்போது போடலாம் என்று மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்வது முக்கியம். கேட்காமல் விட்டால் அந்த 'கொஞ்ச நாள்' ஆறு மாதமாகிவிடும். அதுவரை வீட்டார் முகத்தைப் பார்த்து, பக்கத்தில் வந்து பேச வேண்டும். அடுக்களையிலிருந்து கத்துவதில் பயன் இல்லை.

வெளிக்காதுத் தொற்றுக்கு மாத்திரையைவிடச் சொட்டு மருந்துதான் பெரும்பாலும் முதல் மருந்து. ஆனால் எந்தச் சொட்டு என்பது கிருமியைப் பொறுத்தது. பாக்டீரியாவுக்கான சொட்டைப் பூஞ்சை பிடித்த காதில் விட்டால் பூஞ்சை இன்னும் செழிக்கும். பூஞ்சைக்கு முதலில் உள்ளே இருக்கும் படிவை மருத்துவர் உறிஞ்சி எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகுதான் மருந்து வேலை செய்யும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் ஜென்டாமைசின், நியோமைசின் வகைச் சொட்டுகள் உள்காதையே பாதிக்கலாம். மிச்சமிருக்கும் செவித்திறனும் போய்விடும். ஆகவே பக்கத்து வீட்டுப் பாட்டிலையோ போன வருஷத்து மிச்சத்தையோ எடுத்து விட வேண்டாம். கிளினிக்கில் சொல்ல வேண்டியவை மூன்று: கருவி போடுகிறேன், இனிப்பு நீர் இருக்கிறது அல்லது இல்லை, முன்பு காது வடிந்திருக்கிறது அல்லது இல்லை. கருவியையும் கையோடு கொண்டுபோய்க் காட்டலாம்.

காது ஆறுவதற்குள் கருவியின் பக்கத்து வேலையும் முடிந்திருக்க வேண்டும். பழைய டோமைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டவும். அச்சாக இருந்தால் நிபுணரிடம் கொடுத்துக் கிருமி நீக்கி வாங்கவும். இதைச் செய்யாமல் ஆறிய காதில் அதே அச்சைச் சொருகினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். 'மருந்து கேட்கவில்லை' என்று சொல்பவர்களில் சிலருக்கு நடப்பது இதுதான்.

திரும்பப் போடத் தொடங்கும்போது முதல் சில நாள் இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் போட்டு, கழற்றியதும் காதையும் டோமையும் பார்த்து, பிறகு நேரத்தைக் கூட்டலாம். சொட்டு மருந்து விடும் காலம் முடியாமல் மருத்துவர் கருவியை அனுமதித்திருந்தால், மருந்தை இரவில் கழற்றிய பிறகு விடுவது வசதி; விட்ட கையோடு கருவியைப் போட்டால் மருந்து ஒலித்துளைக்குள் ஏறும். தொற்றுக்குப் பிறகு அச்சு தளர்வாகவோ இறுக்கமாகவோ தெரிந்தால் புதிய அச்சுக்கு அளவு கொடுக்க வேண்டும். வீக்கம் முழுதாக வற்றிய பிறகு கொடுத்தால்தான் அந்த அளவு சரியாக வரும்.